வடக்கே வானம், தெற்கே வானம்

நிலவில் கால் வைத்தவர்கள் பன்னிரண்டு பேர். நிலவின் ஒரு துண்டை முத்திரைத்தாளில் கிரயப் பத்திரம் எழுதி வாங்கியவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். இதை நான் தலையைக் குனிந்துகொண்டு சொல்ல வேண்டும் என்பது என் மனைவி பிலோமினாவின் விருப்பம். என்னால் முடியவில்லை. அந்தப் பத்திரம் இன்றும் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில், பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்றிதழ்களுக்கு அடியில் கிடக்கிறது. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது.

எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்த புதிது. நான் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் குமாஸ்தா. சாயர்புரத்தில் படித்து வாங்கிய பி.ஏ. பட்டம், இரண்டு வெள்ளைச் சட்டைகள், சட்டைப் பையில் ஒரு பேனா (பேனா ஆபீசுடையது). என் கையெழுத்தில்லாமல் ஒரு மூட்டைகூடக் கப்பலை விட்டு இறங்காது என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் என் கையெழுத்து மூன்றாவது நகலில், அடியில், ஓரமாக இருக்கும்.

மணிக்கட்டில் ஒரு கடிகாரமும் இருந்தது. வேம்பாரில் எனக்கும் பிலோமினாவுக்கும் நிச்சயம் ஆனபோது அவள் அப்பா சந்தியாகு தன் கையாலேயே கட்டிவிட்டது. அவர் சங்கு குளிக்கிறவர். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் முத்துக்கும் முங்கியவர். கடலுக்கடியில் மூச்சை அடக்கிச் சம்பாதித்ததில் வாங்கிய கடிகாரம். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான்.

அப்போதுதான் அந்தக் கப்பல் வந்தது. அதில் ஒரு வெளிநாட்டு மாலுமி, கையெழுத்து வாங்கப் போன என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினான். பஞ்சுக்குள்ளே ஒரு சாம்பல் நிறக் கல், உடம்பெல்லாம் ஓட்டை ஓட்டையாக. நிலவிலிருந்து வந்த கல் என்றான். நிலவுக்குப் போனவர்கள் திரும்பிவந்து கடலில் விழுந்தபோது அவர்களைத் தூக்கிய கப்பலில் அவன் மச்சான் வேலை பார்த்தானாம். தூக்கிவிட்ட நன்றிக்குக் கொடுத்த கல்லாம் அது. டைப் அடித்த சான்றிதழ் ஒன்றும் வைத்திருந்தான். அதில் வட்டமாக ஒரு முத்திரை. முத்திரை குத்திய எதையும் நான் சந்தேகப்பட்டதில்லை.

கல்லைக் கையில் வாங்கினேன். பஞ்சைவிடச் சற்றுதான் கனம். நிலவில் எல்லாமே ஆறில் ஒரு பங்கு எடைதானே, பாடத்தில் படித்திருக்கிறேனே என்று எனக்குப் புல்லரித்தது. (கல் தூத்துக்குடிக்கு வந்த பிறகு அந்தக் கணக்கு செல்லாது என்பது பி.ஏ.வுக்குத் தோன்றவில்லை.) விலையாக அவன் கேட்டது என் கடிகாரத்தை.

இங்கேதான் நான் மற்ற ஏமாளிகளிடமிருந்து வேறுபடுகிறேன். சும்மா கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டு போகிற ஆளா நான்? பத்திரம் வேண்டும் என்றேன். அவன் முழித்தான். அவனைச் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்துப் பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்த பத்திர எழுத்தர் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். வீடு, மனை, உப்பளம் தவிர வேறெதற்கும் எழுதிப் பழக்கமில்லாதவர் அவர்.

"மூலப்பத்திரம் எங்க தம்பி?" என்றார். சான்றிதழைக் காட்டினேன். "சரி, இது இவனுக்கு வந்த வழி. முதல்ல வச்சிருந்தவருக்கு யாரு எழுதிக் குடுத்தா?"

"யாரும் குடுக்கல அண்ணாச்சி. அவரே மேல போயி எடுத்தாரு."

அண்ணாச்சி ஒரு கணம் யோசித்துவிட்டு, 'சுயார்ஜிதம்', அதாவது தானே சம்பாதித்தது, என்று எழுதிக்கொண்டார். அடுத்து நான்கு எல்லை கேட்டார். எல்லை போடாமல் அவர் வாழ்நாளில் ஒரு பத்திரம் எழுதியதில்லை. நான் மேலே பார்த்தேன். அவரும் பார்த்தார். வடக்கே வானம், தெற்கே வானம், கிழக்கே வானம், மேற்கே வானம். இதற்குட்பட்ட சொத்தில் கல் ஒன்று. இதை நானும் என் வாரிசுகளும் சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. மாலுமி மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போட்டான். டீக்கடைக்காரர் சாட்சி. பதிய மட்டும் முடியாது, நிலா இந்தச் சார்பதிவாளர் எல்லைக்குள் வராது என்று அண்ணாச்சி வருத்தப்பட்டார். மறுநாள் கப்பல் போய்விட்டது, என் கடிகாரத்தோடு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வேம்பார் பஸ்ஸில் ஏறினேன். உப்பளங்களைப் பார்த்தபடி பேச்சை ஒத்திகை பார்த்தேன். மற்ற மாப்பிள்ளைகள் நிலவைப் பிடித்துத் தருவதாகச் சொல்லுவார்கள், நான் கொண்டே வந்திருக்கிறேன், பத்திரத்தோடு. கடிகாரத்தைப் பற்றிக் கேட்டால், கண்ணாடி கீறிவிட்டது, மாற்றக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். இதைக் குளத்தூர் வருவதற்குள் இருபது தடவை சொல்லிப் பார்த்திருப்பேன்.

பேச்சு பிரமாதமாகத்தான் போனது. சந்தியாகு கல்லைப் பார்த்தார், பத்திரத்தைப் பார்த்தார், கடைசியாக என் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார்.

"மணி என்ன மாப்பிள்ள?" என்றார்.

இருபது தடவை ஒத்திகை பார்த்த பொய் வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. "கல்லுக்குக் குடுத்துட்டேன் மாமா" என்றேன்.

அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சந்தியாகு என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. கல்யாணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நிச்சயத்தன்று ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்த பிலோமினாவின் முகத்தை இனிப் பார்க்கவே முடியாதோ என்று நினைத்தபோது, நிலவாவது கல்லாவது என்றிருந்தது.

அடுப்படி வாசலில் நின்ற பிலோமினா முன்னால் வந்தாள். அப்பா எடுத்த சங்கைச் சர்க்கார் கிடங்கில் (கிட்டங்கி என்போம்) எண்ணிக் கொடுக்கக் கூடப் போகிறவள் அவள்தான். பத்திரத்தை வாங்கி நின்றபடியே படித்தாள். 'சுயார்ஜிதம்' என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

"எங்கப்பா முங்கி எடுத்த முத்துச்சிப்பியில மூணுல ரெண்டு பங்கு சர்க்காருக்கு. சங்கு பூராவும் சர்க்கார் கிட்டங்கிக்கு. அவ்வளவு செலவழிச்சு மேல அனுப்புன சர்க்கார், எடுத்த கல்ல எடுத்தவருக்கே விட்டுருமாக்கும்? இது நெசக் கல்லுன்னா திருட்டுக் கல்லு. திருட்டு இல்லன்னா பொய்க் கல்லு. ரெண்டுல எது உங்களுக்கு வேணும்?"

நான் பி.ஏ. அண்ணாச்சி முப்பது வருட அனுபவஸ்தர். எங்கள் இருவருக்கும் உதிக்காத சட்டம் அது. பல வருடங்கள் கழித்து, நிலவுக்கு ஆளை அனுப்பிக் கொண்டுவந்த கல்லெல்லாம் அந்த அரசாங்கத்துக்கே சொந்தம், தனியார் விற்கவோ வாங்கவோ முடியாது என்று பத்திரிகையில் படித்தபோது, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இதை என் வீட்டுக்காரி அப்போதே சொல்லிவிட்டாள் என்று காட்டினேன்.

எது வேண்டும் என்று நான் சொல்லத் தேவைப்படவில்லை. அவளே கல்லை எடுத்து, முற்றத்தில் இருந்த வாளித் தண்ணீரில் போட்டாள். என் நிலவு தக்கை போல மிதந்தது.

"கரையில ஒதுங்குத கல்லு. குதிகாலு தேய்ப்போம்" என்றாள்.

சந்தியாகு கல்லை விரலால் ஒரு தடவை அமுக்கினார், அது மறுபடி மேலே வந்தது. பிறகு மகளைப் பார்த்து, "ஏளா, இவரு வேணுமா உனக்கு?" என்று கேட்டார்.

"கடியாரம் தொலைஞ்சு போச்சின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாம நம்பியிருப்போம். அதுகூட இவருக்கு வரல" என்றாள். "ஏமாறத்தான் தெரியுது. ஏமாத்தத் தெரியல. எனக்கு இது போதும்ப்பா."

குறித்த நாளிலேயே கல்யாணம் நடந்தது, வெறும் மணிக்கட்டோடு.

கல் இப்போதும் எங்கள் குளியலறை வாளியில் மிதக்கிறது. பாதி தேய்ந்துவிட்டது. (நிலவும் தேயும்தானே என்று ஒரு தடவை சொன்னேன், வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.) நான் எதை வாங்கி வந்தாலும், கத்தரிக்காயாக இருந்தாலும், பிலோமினா மூலப்பத்திரம் கேட்கிறாள். எங்கள் வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு புது மாப்பிள்ளையிடமும் யாராவது ஒருவர் மணி கேட்காமல் விடுவதில்லை. அவன் பாவம், ஏன் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லுவான்.

பத்திரத்தை நான் பெருமையோடு வைத்திருப்பதற்குக் காரணம் அதன் முன்பக்கம் இல்லை. கல்யாணம் ஆன வாரம் பெட்டியை ஒதுங்க வைத்தபோது அது பிலோமினாவின் கையில் சிக்கியது. என் ஆபீஸ் பேனாவால் அதன் பின்பக்கத்தில் எழுதினாள். மேற்படி கல்லும் அதை வாங்கியவரும் இன்று முதல் எனக்குச் சர்வ சுதந்திர பாத்தியம். நான்கு எல்லையும் போட்டிருக்கிறாள்: வடக்கே நான், தெற்கே நான், கிழக்கே நான், மேற்கே நான். அதன் கீழே அவள் கையெழுத்து. இத்தனை வருடத்தில் எந்த வில்லங்கமும் இல்லை.