வேலையே செய்யாத எங்கள் திராட்சைத் தோட்டக்காரர்கள்

இத்தாலியில் கட்டட வேலை பார்க்கும் அன்பு மைத்துனன் வாலெரியுவுக்கு, மால்டோவாவிலிருந்து உன் அக்காள் கணவன் இலாரியோன் எழுதுவது. இங்கு நான், உன் அக்காள், பன்றி, புது ஒயின் எல்லோரும் நலம். உன் நலத்தை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். அவருக்கு நேரமில்லாவிட்டால் நீயே பார்த்துக்கொள்.

என் வேலை போய்விடும் என்று போனில் அழுதேனே, போகவில்லை. மாவட்டப் புள்ளிவிவர அலுவலகத்தில் விவசாயப் பிரிவு என்றால் அது நான் ஒருவன்தான் என்பது உனக்குத் தெரியும். எத்தனை பேர் விவசாயத்தை விட்டு வேறு தொழிலுக்குப் போனார்கள், மிச்சமிருப்பவர்கள் ஆளுக்கு எவ்வளவு விளைவிக்கிறார்கள் என்று அளக்கச் சொல்லித் தலைநகரிலிருந்து உத்தரவு வந்தது. வீடுவீடாகப் போனேன். போன வாரம் வேலை செய்தீர்களா என்று கேட்டால் இல்லை என்றார்கள், எழுதிக்கொண்டேன். எத்தனை பீப்பாய் ஒயின் என்று கேட்டால் நம் ஆட்களுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும், அதையும் எழுதிக்கொண்டேன். விளைச்சலை, வேலை செய்ததாகச் சொன்ன சொற்ப ஆட்களால் வகுத்தால், நம் விவசாயி ஒருவன் நாற்பது பிரெஞ்சுக்காரர்களுக்குச் சமம் என்று வந்தது. அனுப்பித் தொலைத்தேன். உடனே தலைநகர் அலுவலக இயக்குநர் ஸினாயிதா அம்மையாரே நேரில் பார்க்க வருவதாகத் தகவல். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதே என்று அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்து அழுதேன்.

அவர் வந்தது அறுவடை நேரத்தில். பக்கத்து வீட்டு அங்கெலினாவின் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். அவள் இடுப்பொடியக் குலைகளை வெட்டிக்கொண்டிருந்தாள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அம்மையார் கேட்டார்.

"எனக்கு ஏதும்மா வேலை? சும்மா வீட்லதான் இருக்கேன்," என்றாள், குனிந்த தலை நிமிராமல்.

அறுவடையில் வெறுங்கையோடு நிற்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. இயக்குநர் கையிலேயே ஒரு கத்தியையும் வாளியையும் திணித்துவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மையாரோ மறுபேச்சில்லாமல் சாயங்காலம் வரை வெட்டினார். விரலெல்லாம் கறையாக, ஒரு கையால் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அவருடைய கணவர் போன் செய்தார். என்ன செய்கிறாய் என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது.

"ஒண்ணுமில்லைங்க, சும்மாதான் இருக்கேன்," என்றார் அம்மையார்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர், அங்கெலினா வீட்டு நிலவறையில் ஐந்தாவது பீப்பாயை ருசி பார்க்கும்வரை நிறுத்தவில்லை. மக்கள் சொன்னதைத்தான் நான் எழுதியிருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு அறிக்கையில் கையெழுத்தும் போட்டுவிட்டார். அப்பாடா என்றிருந்தது வாலெரியு. அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஆகையால் உன் தோட்டத்துக் கொடிகளை என்னைக் கவாத்து செய்யச் சொல்லாதே. அலுவலகம் இருக்கிறது, ஆள் வைத்துக்கொள். சாரத்தில் பார்த்து ஏறு. எல்லாப் புனிதர்களும் உன்னைத் தாங்கிப் பிடிக்கட்டும்.

இலாரியோன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் உத்தரவு வந்துவிட்டது. நம் மாவட்டத்தில் எண்ணுவதற்கு விவசாயிகளே மிச்சமில்லை என்பதால் விவசாயப் பிரிவை மூடிவிட்டார்கள். கீழே ஸினாயிதா அம்மையார் கையெழுத்து. ஓய்வூதியம் மட்டும் முழுதாகத் தருவார்களாம், அந்த மட்டும் நிம்மதி. உன் கொடிகளுக்கு ஆள் தேடாதே, நானே வெட்டிவிடுகிறேன். எனக்கு என்ன வேலை, சும்மாதானே இருக்கிறேன்.