அப்போதிக்கரிக்கு வராத உத்தரவு

இயேசு மரி சூசை துணை

ஞானமுடையான்வலசை,
தேவிபட்டினம் தபால், இராமநாதபுரம் ஜில்லா.
1955 மார்ச் 19, சூசையப்பர் திருநாள்.

என் அன்புக்கும் மரியாதைக்கும், உண்மையைச் சொன்னால் பயத்துக்கும் உரிய அக்கா மதலேனம்மா அவர்களுக்குத் தம்பி சந்தியாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் தபசு காலத்தில் பொய் எழுதக் கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மற்றதெல்லாம் போயிற்று. அவ்விடம் நீங்களும் அத்தானும் சுகமாயிருக்க இங்குள்ள சவேரியாரை மன்றாடுகிறேன். என் மன்றாட்டு எதையும் அவர் இதுவரை காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. உங்களுக்காக என்றால் ஒருவேளை கேட்பார்.

ஓரியூர் அருளானந்தருக்கு நேர்ந்த கடனைச் செலுத்திவிட்டுப் பத்து நாளில் திரும்புகிறேன் என்று சொல்லித் தலைமன்னாரில் கப்பல் ஏறியவன் நான். திரும்பும் வழியில் தேவிபட்டினத்துக்குத் தெற்கே பஸ் படுத்துவிட்டதையும், தண்ணீர் கேட்டு இந்த மீன்பிடி ஊருக்குள் நுழைந்ததையும், திருக்கை முள் குத்திக் கால் வீங்கிக் கிடந்த ஒருவனுக்கு என் பையிலிருந்த மருந்தை வைத்துக் கட்டியதையும் முன்பே எழுதியிருந்தேன். அவன் மூன்றாம் நாள் எழுந்து நடந்துவிட்டான். நடந்தவன் சும்மா நடந்திருக்கலாம். வாசலுக்கு வாசல் நின்று காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே நடந்தான். நான்காம் நாள் விடிந்தபோது கோயிலுக்குப் பின்னால் வலை போட்டுவைக்கும் கொட்டகையில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒவ்வொருவருக்கும் இரண்டு வியாதி. முப்பத்துமூன்று வருடம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அப்போதிக்கரியாக இருந்து, பெரிய டாக்டர் எழுதிக்கொடுத்ததைக் கலக்கிக் கொடுத்தே பழகியவன் நான். இங்கே எழுதிக்கொடுப்பவரும் நானே, கலக்குகிறவரும் நானே, தவறினால் பழி சுமப்பவரும் நானே.

மாதம் ஒருமுறை பூசைக்கு வருகிற இஞ்ஞாசி சுவாமியார் அதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார்.

"அப்போதிக்கரி, ஒரு வருசம் இங்கன தங்கிருங்க. சம்பளம்னு ஒண்ணும் கெடையாது. சோறும் மீனும் ஊர்ல தருவாக. இந்தச் சனம் ஆஸ்பத்திரிக்குன்னா ராமநாதபுரத்துக்குத்தான் போகணும். போறதுக்குள்ள பாதிப் பேரு போய்ச் சேந்துருவாக."

சர்வேசுரனுடைய சித்தம் என்னவென்று கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பெரிய மனிதன் மாதிரி சொல்லிவிட்டேன், அக்கா. அன்றைக்குப் பிடித்தது சனி.

"நல்லாக் கேளுங்க. ஆனா சட்டுனு கேளுங்க. உங்க விசா இருபத்திமூணாந் தேதியோட முடியுதில்ல?" என்றார் அவர்.

சித்தம் அறிவதற்காக ஒன்பது நாள் நவநாள் செபம் தொடங்கினேன். முதல் நாள் கோயிலில் முழந்தாளிட்டுக் கண்ணை மூடினேன். கண்ணைத் திறந்தால் பக்கத்தில் ஒரு கிழவர் முழந்தாளிட்டு, என் முகத்துக்கு நேரே நாக்கை நீட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வரிசை. கொட்டகையில் நான் இல்லாவிட்டால் கோயிலில்தான் நோயாளிகளைப் பார்க்கிறேன் என்று உபதேசியார் சவரிமுத்து ஊருக்குச் சொல்லியிருக்கிறார். இரண்டாம் நாள் கடற்கரைக்குப் போனேன், அங்கேயும் வந்தார்கள். ஐந்தாம் நாள் ஒரு கவிழ்த்துப்போட்ட வள்ளத்துக்குப் பின்னால் ஒளிந்து, "ஆண்டவரே, நான் இருப்பதா போவதா" என்று வாய்விட்டுக் கேட்டேன். வள்ளத்துக்கு அந்தப் பக்கம் கீல் பூசிக்கொண்டிருந்தவன், "இருங்கய்யா, இந்தா முடிச்சிட்டு வந்து கையைக் காட்டுறேன்" என்றான். இதை நான் தேவ உத்தரவாக எடுப்பதா, அவனுடைய சிரங்காக எடுப்பதா?

சாப்பாட்டுக் கதை இன்னும் மோசம். ஓரியூரில் இருந்த பக்தி வேகத்தில், எனக்கு எது மிகவும் பிடிக்குமோ அதை இந்தத் தபசு காலம் முழுக்க விட்டுவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். எனக்கு எது பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மீன். நேர்ந்துகொண்ட நாலாம் நாள் சர்வேசுரன் என்னைக் கொண்டுவந்து விட்ட இடம், மருந்துக்கும் மீன், மரியாதைக்கும் மீன், மன்னிப்புக்கும் மீன் கொடுக்கிற ஊர். ஓரா, பாறை, விளைமீன், நண்டு என்று தினமும் என் முன்னால் ஊர்வலம் போகிறது. நான் சோற்றை மிளகாய்த் துவையலோடு விழுங்குகிறேன். "எங்க ஊரு மீனு யாழ்ப்பாணத்துக்காரகளுக்கு ஆகாதாக்கும்" என்று பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நேர்ச்சையை வெளியே சொன்னால் தற்பெருமை, சொல்லாவிட்டால் அவமரியாதை. நான் மெலிந்துவிட்டேன்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாமற்போனது தமிழ். நான் பேசுவதும் தமிழ், இவர்கள் பேசுவதும் தமிழ் என்று நம்பி வந்தவன் நான். முதல் வாரத்தில் ஒரு நாள் கொட்டகையில் கூட்டம் தாங்காமல், "இப்ப போங்கோ, பின்னேரம் வாங்கோ, ஆறுதலாய்க் கதைப்பம்" என்று சொல்லி அனுப்பினேன். பொழுது சாயும் நேரம் பார்த்தால் பாயும் தலையணையுமாக அறுபது பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நோயாளிகள் இல்லை, முழு ஊரும். அப்போதிக்கரி கதை சொல்கிறார் என்று தண்டோரா போடாத குறை. கதைப்பது என்றால் எங்கள் பக்கம் பேசுவது என்று விளக்கினேன். "அப்ப பேசுறதுக்கு என்ன சொல்லுவீக?" என்றார்கள். வேறு வழியில்லாமல் அருளானந்தர் சரித்திரத்தைச் சொன்னேன். கதை நல்லாயிருந்தது, மருந்துதான் கசக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அந்த வாக்கியத்திலேயே இன்னொரு சொல் பதுங்கியிருந்ததை நான் கவனிக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை, உள்நாட்டு ஊரொன்றிலிருந்து உலகம்மாள் என்ற பெண் நாலு வயது மகளை இடுப்பில் சுமந்துகொண்டு ஏழு மைல் நடந்து வந்தாள். மிளகாய்த் தோட்டத்தில் கூலி வேலை செய்பவள். பிள்ளையின் பெயர் பூமயில். தொடையில் பெரிய கட்டி, காய்ச்சல். கட்டி இன்னும் பழுக்கவில்லை, அதற்கு முன் கீறினால் கெடுதல். ஒத்தடம் கொடுக்கும் விதத்தைக் காட்டிக்கொடுத்தேன். நாலு நாள் கொடுத்துக்கொண்டிருந்தால் செவ்வாய்க்கிழமை கீறிவிடலாம். ஆபத்தில்லை. ஆனால் அவள் நடுங்கிக்கொண்டு நின்றாள். அவளைத் தேற்றுவதற்காக, பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு, "அவசரப்பட ஒண்டும் இல்லை அம்மா. ஆறுதலாய் இருங்கோ. செவ்வாய்க்கிழமை ஆறுதலாய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றேன். நாங்கள் மெதுவாய், அவசரமில்லாமல் என்று சொல்ல எத்தனை தரம் இந்தச் சொல்லைச் சொல்கிறோம்! அவள் என் முகத்தையே பார்த்தாள். என் முகம் சின்ன வயதிலிருந்தே செத்த வீட்டு முகம் என்று நீங்கள்தானே சொல்வீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் அடுத்த ஆளின் பல்லைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. புதன்கிழமை காலையில் உபதேசியாரிடம் கேட்டேன்.

"அந்தப் புள்ளையா? அது பொழைக்காதுன்னு நீங்கதான சொல்லி விட்டீக?" என்றார் அவர். "கோயிலடியில உக்காந்து ஒரு பாடு அழுதுட்டுத்தான் போனா."

அப்போது மீரா சாகிபு என்பவர் கொட்டகைக்கு வந்திருந்தார். தேவிபட்டினத்தில் கடை வைத்திருப்பவர், எனக்கு மருந்துச் சாமான் வாங்கித் தருகிறவர். வாலிபத்தில் தோணியில் சரக்கேற்றிக்கொண்டு நம் பருத்தித்துறைக்கு வந்துபோனவராம். நான் சொன்னது இன்னதென்று கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யா அல்லா! ஏங்க, ஆறுதல் எங்க பக்கம் எழவு வீட்ல சொல்றதுல்ல? ஏறுங்க வண்டியில."

அந்த ஏழு மைலை நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று கேளாதீர்கள். வழியெல்லாம் கருவேல மரமும் புழுதியும். நான் வாய்விட்டுப் புலம்பிக்கொண்டு போனேன். இருப்பதா போவதா என்று ஆண்டவரைக் கேட்டுக் கேட்டு, பதில் வராத கோபத்தில் மனம் எங்கோ இருந்தது, அதனால்தான் அவள் முகத்தைப் பார்க்காமல் விட்டேன் என்றேன்.

"கேக்குறது சரிதான்," என்றார் மீரா சாகிபு மாட்டைத் தட்டிக்கொண்டே. "ஆனா நீங்க கேட்டுட்டு உடனே அடுத்த கேள்விக்குப் போயிர்றீக. அவன் எந்நேரம்தான் பேசுவான்?"

உலகம்மாள் வீட்டு வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். அவளுடைய புருஷன் சோணைமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிழைக்காத பிள்ளைக்கு எதற்கு வேதனை என்று ஒத்தடத்தை நிறுத்தியிருக்கிறார்கள். கேட்டதையெல்லாம் கொடுத்திருக்கிறார்கள், கருப்பட்டியும் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை கண் செருகிக் கிடந்தது. தொடை பளபளவென்று வீங்கியிருந்தது. வெந்நீர் கேட்டேன், கத்தியைக் காய்ச்சினேன், கீறினேன். வந்த சீழைப் பற்றி எழுதமாட்டேன், நீங்கள் சாப்பிடுகிற நேரமாயிருக்கலாம். பிள்ளை ஒரு கத்துக் கத்தியது. அந்தக் கத்தலைக் கேட்டதும் வாசலில் இருந்தவர்கள் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். மீரா சாகிபு வெளியே போய், "சும்மா இருங்கத்தா! பொழைச்சிருச்சு, அதான் கத்துது!" என்று அதட்டினார்.

அன்று முழுதும் அங்கேயே இருந்தேன். பொழுது இறங்குமுன் காய்ச்சல் இறங்கியது. பிள்ளை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி வீறிட்டது. என் முகம் அப்படி. உலகம்மாள் என் முன்னால் வந்து நின்றாள். காலில் விழப்போகிறாள் என்று நினைத்து நான் பின்வாங்கினேன்.

"பொழைக்கும்னா பொழைக்கும்னு சொல்றதுக்கு என்னய்யா? ஆறு நாளு! ஆறு நாளு எம்மகளைச் செத்த புள்ளையா மடியில வச்சிருந்தேன்!" என்று கத்தினாள். கத்திவிட்டு உட்கார்ந்து அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டு, "உங்க ஊருப் பேச்சுல இன்னும் என்னென்ன இருக்கு? எல்லாத்தையும் சொல்லித் தாங்க. அடுத்தாப்ல வாரவளுக்காச்சும் நான் வெளக்கிச் சொல்லுவேன்ல" என்றாள்.

திட்டியதைத் தாங்கிக்கொண்டேன், அக்கா. இதைத் தாங்க முடியவில்லை. அடுத்து வருகிறவளாம். என்னை நம்பி இன்னொருத்தியை அனுப்பிவைக்க இவர்களுக்கு மனம் வருகிறது. எனக்கு என் வாயைத் திறக்கவே பயமாயிருக்கிறது. நேற்றிலிருந்து கொட்டகையில் சைகையால்தான் வைத்தியம் பார்க்கிறேன். ஊமையாகிவிட்டேன் என்று சவேரியாருக்கு மெழுகுதிரி ஏற்றியிருக்கிறார்கள்.

ஆகவே தீர்மானித்துவிட்டேன். சர்வேசுரன் உத்தரவு தரவில்லை, தராததே உத்தரவு. சேவை செய்ய நினைப்பவனுக்கு முதலில் தகுதி வேண்டும். அது என்னிடம் இல்லை. அறுபத்தொரு வயதில் அந்நிய தேசத்தில் பிள்ளைகளைச் சாகடிக்காமல், ஊருக்கு வந்து உங்கள் வீட்டு முற்றத்தைக் கூட்டிக்கொண்டு கிடப்பதே எனக்கு ஏற்றது. திங்கட்கிழமை தனுஷ்கோடிக்குப் போய் கப்பல் ஏறுகிறேன். என் அறையைத் தட்டிவைக்கவும். வந்த நாள் யாரும் என்னிடம் எதுவும் கேட்க வேண்டாம்.

தேவமாதாவின் அடைக்கலத்தில் உங்களையும் அத்தானையும் ஒப்புக்கொடுக்கிறேன். உங்கள் மகள் செபமாலைக்கும் அவள் பிள்ளைகளுக்கும் என் ஆசீர். பிரயோசனமில்லாத தம்பியை மறக்காமல் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
சந்தியாப்பிள்ளை.

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் உங்கள் கடிதம் வந்துவிட்டது. செபமாலை நாலு பிள்ளைகளோடும் வந்து என் அறையில் குடியேறிவிட்டாள், என் கட்டிலில் மூன்று பேர் படுக்கிறார்கள், இனி அங்கே எனக்கு இடமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே, "தம்பி, நீ முதற் கடிதத்தில் 'எங்கள் கொட்டகைக்குக் கதவில்லை' என்று எழுதியிருந்தாய். மனைவி போனபின் இருபது வருடம் இந்த வீட்டில் இருந்தாய். ஒரு நாளும் இதை எங்கள் வீடு என்று சொன்னதில்லை, அக்கா வீடு என்றுதான் சொல்வாய். அன்றைக்கே அறையை ஒழித்துவிட்டேன்" என்றிருக்கிறீர்கள். நான் ஒன்பது நாள் முழந்தாள் தேயக் கேட்டதை நீங்கள் அடுப்படியில் நின்றுகொண்டு ஒரு வரியில் கண்டுபிடித்துவிட்டீர்களா? எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு கொட்டகைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். அங்கேயும் ஒருத்தி வந்து காதுவலி என்றாள். வாயைத் திறந்து பேசி மருந்து விட்டேன்.

ஆகையால் மேலே எழுதியவற்றை நீங்கள் வாசிக்க வேண்டியதில்லை. இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வராமல் அனுப்புகிறேன். விசா நீட்டிக்கும் மனுத்தாளைச் சுவாமியார் கொடுத்தனுப்பியிருக்கிறார். அதில் 'தங்குவதற்கான காரணம்' என்று ஒரு கட்டம், இரண்டு விரல் அகலம். காலையிலிருந்து பேனாவோடு அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், ஒன்றும் ஓடவில்லை. இருபத்திமூன்றாம் தேதிக்குள் அதைக் கொடுக்க வேண்டும். என்ன காரணம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், தயவுசெய்து தந்தி அடியுங்கள்.