ஏழாம் நம்பர் வாய்

"டாக்டரம்மா, பல்லு வலிக்குது. பிடுங்கிடலாமா?"

கல்லூரி பஸ் டிரைவர் இப்படிக் கேட்டது திங்கட்கிழமை காலையில். வேறு எந்தப் பல் மருத்துவராக இருந்தாலும் நாற்காலியைக் காட்டியிருப்பார். அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"வியாழக்கிழமை வரைக்கும் அந்தப் பல்லைத் தொடக் கூடாது."

"யாரு, நானா?"

"யாருமே."

அவள் பல் மருத்துவ மேற்படிப்பில் இரண்டாம் வருடம். ஆயிரத்து இருநூறு பள்ளிப் பிள்ளைகளின் சொத்தைப் பற்களைக் கணக்கெடுப்பது அவளுடைய ஆய்வு. அதற்கு முன்னால், பார்க்கிற கண் எப்போதும் ஒரே மாதிரிதான் பார்க்கிறதா என்று ஒரு சோதனை உண்டு. பத்துப் பேரின் வாயைப் பார்த்துப் பல் பல்லாகத் தாளில் குறிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து அதே பத்துப் பேரை மறுபடி பார்த்துக் குறிக்க வேண்டும். முதல் தாள் அதுவரை ஆய்வை மேற்பார்க்கும் கைடின் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும். இரண்டும் பொருந்தினால்தான் பள்ளிக்குள் கால் வைக்கலாம்.

கைடு கறாரான ஆள். போன வருடம் ஒரே ஒரு பல் மாறியதற்காக ஒருவனை முதலிலிருந்து செய்யவைத்தார். பள்ளிகளோ அடுத்த திங்கள் முதல் இரண்டு வாரம்தான் அனுமதி கொடுத்திருந்தன. தவறினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். படிப்பும் ஆறு மாதம் நீளும்.

போன வியாழக்கிழமை நடந்த முதல் சுற்றில் டிரைவர் ஏழாம் நம்பர். யார் என்று தெரியக் கூடாது என்பதற்காகத் தலையிலிருந்து முழங்கால்வரை பச்சைத் துணி போர்த்தி, வாய்க்கு மட்டும் ஓட்டை விட்டிருந்தார்கள். பேசவும் கூடாது. அவர் வெளியே வந்ததும் முதல் வேலையாக, "நான்தாம்மா ஏழு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாயில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. கீழ் வலது கடைவாய்ப் பல்லில் சொத்தை. இப்போது வலிப்பதும் அதுதான்.

வலி மாத்திரை கொடுத்து அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை அவர் மெல்ல முடியவில்லை என்றார். வீட்டிலிருந்து பிளாஸ்கில் சூப் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதை கேண்டீனில், எல்லாருக்கும் தெரிகிற மேசையில் உட்கார்ந்து குடித்தார். மதியத்துக்குள் மூன்றாம் நம்பரான நூலக கிளார்க்குக்கும் ஒன்பதாம் நம்பரான தோட்டக்காரருக்கும் பல்வலி வந்துவிட்டது. பார்த்தாள். ஒன்றுமில்லை. ஆனால் இவர்கள் கோபித்துக்கொண்டு வியாழக்கிழமை வராமல் போனால்?

புதன்கிழமை காலை மூன்று பிளாஸ்க். அடுப்படியில் நின்ற அக்கா, "நீ படிக்கிறது பல்லா, சமையலா?" என்று கேட்டாள். நூலக கிளார்க் உப்பு கம்மி என்றார்.

அதற்குள் டிரைவரின் கன்னம் வீங்கியிருந்தது. ஒரு கை கன்னத்திலும் ஒரு கை ஸ்டியரிங்கிலுமாக ஓட்டிக்கொண்டு வந்தவர் இரண்டு நிறுத்தங்களை விட்டுவிட்டு வந்தார். அலுவலகத்தில் அவரை லீவு போட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குப் போனவர் நாளைக்குத் திரும்பி வருவாரா? போன் செய்தாள். எடுக்கவில்லை. அரை மணி நேரத்தில் அவர் மனைவியே நேரில் வந்து நின்றார்.

"நீங்க பல் டாக்டர்தானே?"

"ஆமாங்க."

"மத்த டாக்டருங்க எல்லாம் பிடுங்கணும்னு நிப்பாங்க. நீங்க என்னடான்னா காவல் காக்கறீங்க. அந்தப் பல்லுல அப்படி என்னதான் இருக்கு?"

என் ஆறு மாதம் இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குப் பதினோரு மணிக்கு ஒரு தடவை பார்த்துவிட்டு, தானே வலிக்காமல் எடுத்துவிடுவதாகச் சத்தியம் செய்தாள். அந்த அம்மாள் விறுவிறுவென்று படியிறங்கிப் போனார்.

கையில் வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடி இருந்தது. அதில் தன் முகத்தைப் பார்த்தாள். ஒரு கண்தான் தெரிந்தது. அதுவும் நேராகப் பார்க்கவில்லை.

வாசலில் அட்டெண்டர் நின்றிருந்தார். அந்தக் கட்டடத்தில் அவளுக்கு இருந்த ஒரே ரசிகர். போன மாதம் அவள் தனக்கு அடைத்துவிட்ட பல்லை, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருப்பவர். பத்துப் பேரைக் கூட்டிவந்து, துணி போர்த்திப் படுக்க வைப்பது அவர் பொறுப்பு. அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நீங்க போய்த் தூங்குங்கம்மா. பத்துன்னா பத்து. குறையாது."

அவள் தூங்கவில்லை.

வியாழக்கிழமை. ஆட்கள் வந்து போகும்போது அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். அவள் சொல்வதைக் குறித்துக்கொள்ளும் ஜூனியர் திரைக்கு அந்தப் பக்கம். ஆறு முடிந்தது. ஏழு வர நேரமானது. சுவரில் ஒரு விரிசல் இருந்தது. அதை மேலிருந்து கீழே நான்கு முறை பார்த்து முடித்த பிறகு நாற்காலி கிறீச்சிட்டது.

திரும்பினாள். பச்சைத் துணி. நெஞ்சின் மேல் ஏழு என்ற அட்டை. எப்போதும் ஷூ போடுகிற மனிதரின் காலில் இன்றைக்குச் செருப்பு. ஷூ மாட்டக்கூடத் தெம்பில்லாமல் எனக்காக வந்திருக்கிறாரே என்று நினைத்தபடி கண்ணாடியை எடுத்தாள்.

ஓட்டைக்குள் வாய் திறந்தது. மேல் வரிசை சுத்தம். கீழ் இடது சுத்தம். கீழ் வலது கடைவாய்ப் பல்லில் அந்தக் கறுப்பு. இருக்கிறது. பிடுங்கவில்லை. பல்லைப் பார்த்துக் கும்பிடத் தோன்றியது அவளுக்கு அன்றைக்குத்தான்.

"சொத்தை" என்று திரைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சொன்னாள். வலிக்குமே என்று சோதிக்கும் ஊசியால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மதியம் கைடு பீரோவைத் திறந்து முதல் தாளை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை ஓட்டிக்கொண்டே போனார். ஏழாம் நம்பரில் விரல் நின்றது. அவள் மூச்சும் நின்றது. விரல் நகர்ந்து பத்தில் போய் முடிந்தது.

"ஒரு பல்கூட மாறலை" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். இப்படி ஒரு கண்ணைப் பார்த்ததில்லை."

கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை பள்ளிக்குப் போகலாம்.

அவள் ஓட்டமாக வந்து, கொடுத்த வாக்குப்படி நாற்காலியைத் தயார் செய்தாள். மரத்துப்போகும் ஊசி, குறடு, பஞ்சு. எல்லாவற்றையும் தட்டில் அடுக்கிவிட்டு, டிரைவரை வரச் சொல்லும்படி அட்டெண்டரிடம் சொன்னாள்.

அட்டெண்டர் அசையவில்லை. தலையைச் சொறிந்தார்.

"அவரு நேத்து சாயங்காலமே வெளியில போய்ப் பிடுங்கிக்கிட்டாரும்மா. பத்துல ஒண்ணு குறையக் கூடாதேன்னு ஏழுக்கு நான்தான் படுத்தேன். ஆமா, கீழ வலது பக்கம் நீங்க அடைச்சுவிட்ட கடைவாய்ப் பல்லு நல்லாத்தானே இருக்கு?"