நாற்காலிக்கு வந்த குடல் புண்

தொப்புள் சாமியைப் பார்க்க விடிவதற்குள் வரிசை கட்டிவிட்டார்கள். வரிசை தெருமுனை திரும்பி மருந்துக்கடை வாசலையே மறைத்தது. கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னே? தொப்புளைத் தொட்டே குடலைக் குணமாக்கும் மகான் இருக்கையில் மருந்து யாருக்கு வேண்டும்!

வரிசையில் ஒரு பஸ் டிரைவர். பெருங்குடலில் புண், நாளைக்குப் பத்துத் தடவை ரத்தமும் சளியுமாகப் போகும். போன வாரம் பாதி வழியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, பயணிகள் வேடிக்கை பார்க்க, ஓட்டல் கழிப்பறைக்குள் ஓடினார். இன்னொரு தடவை நடந்தால் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டிப்போவில் சொல்லிவிட்டார்கள்.

மருந்து இல்லாமல் இல்லை. டாக்டர் புட்டுப் புட்டு வைத்திருந்தார்: "புண்ணு ஆசனவாய்கிட்ட மட்டும் இருந்தா, பின்னால வைக்கிற மாத்திரையே போதும். உங்களுக்கு இடது பக்கம் மேல வரைக்கும் ஏறியிருக்கு. பின்னால ஏத்துற எனிமா மருந்துதான் அவ்வளவு தூரம் போகும். வாயில போடுற மாத்திரையையும் விட்டுடாதீங்க."

எனிமாப் பெட்டி பீரோவில், சட்டைகளுக்கு அடியில், பிரிக்காமல் கிடந்தது. ஆம்பிளை மானம் ஐயா, ஆம்பிளை மானம்!

சாமிக்கு இந்த மானம்தான் மூலதனம். "பின்வாசல் திருடனுக்குடா! தெய்வம் தொப்புள் வழியாத்தான் வரும்!" என்றார். டிரைவரைப் படுக்கவைத்து, மஞ்சளில் தோய்த்த துணியை வயிற்றில் விரித்துத் தீர்த்தம் தெளித்தார். துணி செக்கச்செவேலென்று ஆனது.

"பாத்தியா, கெட்ட ரத்தம் இறங்குது!"

கூட்டம் பக்தியில் உருகியது. கூட வந்திருந்த டிரைவரின் மனைவி மட்டும் உருகவில்லை. அவள் சலவைக்கடைக்காரி. மஞ்சள் கறையில் சோப்புப் பட்டால் சிவக்கும். தினமும் அவள் தொட்டியில் நடக்கும் அற்புதம் அது. அதைப் பார்க்க ஒருத்தரும் வரிசையில் நின்றதில்லை.

சாமி பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த மஞ்சள் துணிகளில் ஒன்றை உருவி, சாமியின் காலி நாற்காலியில் விரித்தாள். செம்புத் தீர்த்தத்தைச் சாய்த்தாள். சிவந்தது.

"ஐயையோ! நாற்காலிக்கும் குடல் புண்ணா சாமி?"

"அது... நான் உக்கார்ற நாற்காலிம்மா. என் சக்தி அதுல—"

"அப்படியா? என் சக்தியையும் பாருங்க." பையிலிருந்து சலவைச் சோப்பை எடுத்து, தண்ணீரில் நனைத்து, இன்னொரு துணியில் தேய்த்தாள். அதுவும் சிவந்தது. "உங்க தீர்த்தம் சுண்ணாம்புத் தண்ணி. இதுல ரத்தம் எங்கேருந்து வந்துச்சு?"

"அப்ப எங்க வயித்துலேருந்து இறங்கினது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"வயித்துலேருந்து எதுவும் இறங்கலைண்ணே. உங்க பையிலேருந்து காசுதான் இறங்கிச்சு!"

கூட்டம் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆசாமி எடுத்தார் ஓட்டம். எந்த வழியாக என்கிறீர்கள்? பின்வாசல் வழியாகத்தான்.

"வீட்டுக்கு வாங்க. பெட்டியை நானே பிரிக்கிறேன்" என்றாள் மனைவி.

"வெக்கமா இருக்குடி."

"நடுரோட்டுல பஸ்ஸ விட்டுட்டு ஓடினப்ப அது எங்க போச்சு?"

டிரைவர் அவள் பின்னாலேயே வீட்டுக்கு நடந்தார். எனிமாவும் மாத்திரையும் தவறாமல் உள்ளே போயின. சில வாரங்களில் ரத்தம் நின்றது. இப்போது முதல் நிறுத்தத்திலிருந்து கடைசி நிறுத்தம்வரை சீட்டைவிட்டு எழாமல் ஓட்டுகிறார்.

மருந்து எந்த வாசல் வழியாக உள்ளே போனாலும் வெட்கமில்லை, ஐயாமார்களே. புத்தி எந்த வாசல் வழியாகவும் உள்ளே போகாமல் இருக்கிறதே, அதற்கு வெட்கப்படுங்கள்!