விசில் மாமாவும் என் தங்கச்சி கல்யாணமும்

திண்டுக்கல்லில் விசில் மாமா தட்டிப் பார்க்காத பொருள் ஒன்று இருந்தால், அது இன்னும் கடைக்கே வரவில்லை என்று அர்த்தம்.

பிள்ளைகளே, அவர் எங்கள் மாடியில் குடியிருப்பவர். முறையாகக் கர்நாடக சங்கீதம் படித்த வயலின்காரர். திருவிழாக்களில் மேளக்காரர்களோடு சுற்றி, குச்சியால் தேய்த்து உறுமவைக்கிற உறுமி மேளமும் கற்றுக்கொண்டார். இரண்டையும் கலப்பார். நடுவில் சைக்கிள் பெல்லும் தகர டப்பாவும் சேர்ப்பார். தெருவில் எந்த வீட்டுக் குக்கர் கூவினாலும் வயலினோடு ஓடிப்போய் அந்தச் சுரத்தைப் பிடிப்பார். அப்படி வந்த பெயர்தான் விசில் மாமா.

ஒருநாள் என் மனைவியிடம், "அக்கா, உங்க குக்கரு பஞ்சமத்துல நிக்க மாட்டேங்குது. இன்னொரு விசில் விடுங்க" என்றார்.

"ஏற்கெனவே பருப்பு கூழாப் போச்சு தம்பி. இன்னும் எம்புட்டு விசில் விடுறது?"

இவரைத்தான் என் தங்கச்சி கல்யாணக் கச்சேரிக்குப் பேசி முடித்தேன். "வேற ஆளே கெடைக்கலையா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆத்தூரில் கல்யாணம். மாப்பிள்ளையின் தாய்மாமன் பெரிய மீசைக்காரர். அவர் மாலை போட்டால்தான் மாப்பிள்ளை மணவறைக்கு வருவார். அது அவர்கள் வீட்டு வழக்கம். அவர் முதல்நாளே சொல்லிவிட்டார்: "உறுமிச் சத்தம் மட்டும் கேட்டுச்சு, நான் மேடையேற மாட்டேன்."

நான் கச்சேரிக்காரரைத் தேடி ஓடினேன். விசில் மாமா என் கையைப் பிடித்தார்.

"கவலைப்படாதீக அண்ணே. வயலின் வில்லத் தவிர வேற குச்சியத் தொட மாட்டேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாள் கச்சேரியில் கல்யாணி ராகம் களைகட்டியதும், பையிலிருந்து உறுமியை எடுத்தார். வயலின் வில்லாலேயே அதன் தோலில் ஓர் இழுப்பு! புலி கனவில் முனகியது போல "ஊ...ம்ம்ம்" என்றது.

மீசைக்காரர் கையிலிருந்த காபி டம்ளர் பறந்தது. "ஏய்ய்!" என்று எழுந்தார். கோபம் என்று நினைத்தேன். இல்லை, சாமி வந்துவிட்டது! நாற்காலிகளுக்கு நடுவே குதித்துக் குதித்து ஆடினார். திருநீறு பூசினார்கள், சாமி இறங்கவில்லை. முகூர்த்த நேரம் நெருங்கியது. அறை வாசலில் நின்ற தங்கச்சி கண் கலங்க என்னைப் பார்த்தாள்.

"ஏத்திவிட்ட நீங்களே எறக்குங்க தம்பி!" என்று மனைவி கத்தினாள்.

விசில் மாமா வயலினை எடுத்து நீலாம்பரி வாசித்தார். பிள்ளைகளைத் தூங்கவைக்கிற ராகம் அது. துள்ளல் ஆட்டமானது, ஆட்டம் அசைவானது. கடைசியில் மீசைக்காரர் என் தோளில் சாய்ந்து கொட்டாவி விட்டார்.

"இதுக்குத்தான்யா உறுமி வேணாம்னேன்" என்று முனகிக்கொண்டே போய் மாலையைப் போட்டார். தாலி ஏறியது.

இப்போது விசில் மாமா கச்சேரிக்காக வெளியூர் போயிருக்கிறார். போன வாரம் நாங்கள் புதுக் குக்கர் வாங்கினோம். பழசைக் கடையிலேயே போட்டுவிடலாம் என்றேன். மனைவி கேட்கவில்லை. அதைப் பளபளவென்று தேய்த்துப் பரணில் வைத்தாள்.

"கெடக்கட்டும். அந்தத் தம்பி வந்தா சுருதிக்குத் தேடுவாரு."