ஆறு மணிக்குப் போன காலை வணக்கம்

அன்பு மகளுக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீ, மாப்பிள்ளை, பேத்தி மூவரும் சௌக்கியம்தானே? என் சௌக்கியத்தை நானே சொன்னால் இனி நீ நம்பமாட்டாய். அதனால் டாக்டரம்மா "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று சொன்ன பிறகே எழுத உட்கார்ந்தேன். இடது கை எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ பாதியிலேயே "அப்பறம் பேசறேம்பா" என்பாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது.

புதன்கிழமை காலை எழுந்தபோதே வலது கை மரத்திருந்தது, படுத்த வாக்கு சரியில்லை போலிருக்கிறது என்று உதறிவிட்டு இடது கையாலேயே குக்கரை ஏற்றினேன், விசில் வந்ததும் அணைக்க எழுந்தால் கால் வரவில்லை, குக்கர் அது பாட்டுக்கு அடிக்கிறது, பதினோரு விசில் வரை எண்ணினேன், அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் பொறுக்கமாட்டாமல் சண்டைக்கே வந்துவிட்டார். பால் எடுக்கத் திறந்த கதவு நல்லவேளையாகத் திறந்தே கிடந்தது. "ஏன் சார், காது கேக்கலையா?" என்று ஆரம்பித்தவர், என் வாய் கோணியிருந்ததைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு என்னை அள்ளிக்கொண்டு ஓடினார். சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்று சும்மாவா சொன்னார்கள்!

ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். நான் இன்னும் அந்த மிஷினை விட்டு இறங்கவில்லை, அதற்குள் ஏதோ ஏஐயாம், படத்தைத் தானே படித்து, அடைப்பு இந்த இடத்தில் என்று பெரிய டாக்டரின் செல்போனுக்கே சொல்லிவிட்டது. என் மூளையைப் பற்றி இவ்வளவு சீக்கிரம் முடிவுக்கு வந்தவள் உன் அம்மா ஒருத்திதான். எல்லாம் நிமிஷக் கணக்கு. ஆனால் அடைப்பைக் கரைக்கும் ஊசி போட, கடைசியாக நான் எப்போது நன்றாக இருந்தேன் என்பது தெரிந்தாக வேண்டுமாம். நேரம் தப்பினால் மூளைக்குள் ரத்தம் கசியுமாம். அதைத்தான் டாக்டரம்மா பக்கத்து வீட்டுக்காரர் போனில் உன்னிடம் கேட்டார். நீயும் அடித்துச் சொன்னாய்: "காலைல ஆறு மணிக்கு மெசேஜ் போட்டாரு டாக்டர், நல்லாத்தான் இருந்தாரு!"

அம்மாடி, அதை நான் போடவில்லை. போன வருஷம் ஒரு நாள் காலை வணக்கம் போட மறந்ததற்கு, பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி என் கதவைத் தட்டவைத்தாயே, அந்த வெட்கத்தில் செல்போன் கடைக்காரரிடம் சொல்லி, தினமும் ஆறு மணிக்கு "காலை வணக்கம், நான் நலம்" என்று தானாகப் போகும்படி வைத்துக்கொண்டேன். நீயும் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் போடுவாய். இரண்டு பேருக்கும் நிம்மதி. பேச்சும் நின்றுபோயிற்று.

அதற்குள் அங்கே ஊசி தயாராகிவிட்டது. நான் "வேண்டாம்" என்று குழறுகிறேன், நர்ஸ் "ஊசிக்கா இப்படிப் பயப்படறீங்க?" என்று தட்டிக்கொடுக்கிறார். அவர் பையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, அவர் கையுறை மேலேயே "பொய்" என்று எழுதினேன். பிறகு குழறிக் குழறி விஷயத்தைச் சொன்னேன்.

"சரிங்கய்யா, நீங்களே சொல்லுங்க. கடைசியா எப்ப நல்லாப் பேசுனீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

யோசித்தேன். பேசினால்தானே நாக்கு குழறுவது தெரியும்? "ஞாயித்துக்கெழம."

"யாருகிட்ட?"

"ராங் நம்பர்."

யாரும் சிரிக்கவில்லை. நான் எவ்வளவு தனியாக இருக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது, நர்ஸ் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். டாக்டரம்மாதான், "சாட்சி இல்லன்னா என்ன, மூளையையே கேட்டுடலாம்" என்று இன்னொரு ஸ்கேனுக்கு அனுப்பினார். அந்தக் கம்ப்யூட்டர் செத்த இடத்துக்குச் சிவப்பும், காப்பாற்றக்கூடிய இடத்துக்குப் பச்சையும் பூசிக் காட்டியது. பச்சைதான் அதிகம். தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு அடைப்பை எடுத்துவிட்டார்கள். நாக்கு திரும்பிவிட்டது, கையும் மெல்ல வருகிறது.

ஆகவே லீவு போட்டுக்கொண்டு நீ ஓடிவர வேண்டாம். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், பேத்திக்கு முத்தம். எல்லோரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: பக்கத்து வீட்டுக்காரர் இப்போதுதான் என் செல்போனைக் கொண்டுவந்து கொடுத்தார். சார்ஜரிலேயே கிடந்ததாம். நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த அன்று காலையிலும் "நான் நலம்" என்று போயிருக்கிறது. நான் எங்கே கிடக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் சரியாக ஆறு ஒன்றுக்கு உன் கட்டைவிரல் வந்திருக்கிறது. நான் இங்கே கிடந்த ஐந்து நாளும், அதே ஆறு ஒன்று. உனக்கும் ஒரு கடைக்காரர் கிடைத்துவிட்டார் போலிருக்கிறது. கோபமில்லை அம்மாடி, நான் செய்ததைத்தானே நீயும் செய்தாய். ஆனால் வர வேண்டாம் என்று மேலே எழுதியதை நம்பாதே. வர முடியாவிட்டால் தினம் ஒரு தடவை கூப்பிடு. பேச விஷயம் எதுவும் வேண்டாம். நான் "ஹலோ" என்பேன். நாக்கு குழறவில்லை என்றால் மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனை வைத்துவிடு.