பொன்னாடை அண்ணையின் லிப்ட் திறப்பு விழா

ஹவுன்ஸ்லோவை விட்டு நடக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. தோளில் ஒரு பை, கையில் ஒரு போர்வை. பெற்றோல் நிலையத்தில் வேலை போனதால் அதற்கு மேலே இருந்த அறையும் போயிருந்தது. எந்தத் திசை என்று முடிவு செய்யாமல் நடந்த அந்த மத்தியானத்தில்தான், லண்டன் மாநகரத்தின் அரசாங்க ஊழியர் அத்தனை பேரையும் மரியாதை செய்தே நடுங்கவைத்த மனிதரைச் சந்தித்தேன்.

பஸ் தரிப்பில் நின்றார். "தம்பி, போர்வையோடை எங்கை நடக்கிறீர்?"

"தெரியாது அண்ணை."

"அப்ப இந்த பஸ்ஸும் அங்கைதான் போகுது. ஏறும்."

பஸ் நேரத்துக்கு வந்தது. அவர் ஏறி, பைக்குள் இருந்து சரிகைக் கரை போட்ட பொன்னாடை ஒன்றை எடுத்து, சாரதியின் தடுப்புக்குள்ளால் நுழைத்து அவர் தோளில் போர்த்தினார். நைஜீரியச் சாரதி ஒன்றும் விளங்காமல் நாலு தரிப்பு தூரம் அதோடேயே ஓட்டினார். இறங்கும்போது அண்ணை கையை நீட்டி அதைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"குடுத்ததைத் திருப்பி வாங்குறியளே?"

"என்னட்டை ஒண்டுதான் இருக்கு தம்பி. அடுத்த ஆளுக்கு வேணுமெல்லே."

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஜெர்மனியில் இருந்து வந்து டைல் பதிப்பவர். கடமையைச் செய்யும் அரச ஊழியர் எவரைக் கண்டாலும் பொன்னாடை. குப்பை அள்ளுபவர்கள் அவருடைய தெருவுக்கு வரும்போது தலை சீவிக்கொண்டு வந்தார்கள். மருத்துவ நிலையத்தில் முதல் மணியிலேயே போனை எடுத்த பெண்ணை நேரில் தேடிப்போய்ப் போர்த்தினார். அடுத்த வாரம் அங்கே போனை எடுக்கத் தள்ளுமுள்ளு. வாகனங்களுக்குத் தண்டச் சீட்டு ஒட்டும் மனிதர் மட்டும், இவர் பையைத் திறப்பதைக் கண்டு ஓடிவிட்டார்.

அன்றிலிருந்து அவர் வீட்டு சோபாவில் படுத்தேன். நகரசபையான கவுன்சிலின் அடுக்குமாடிக் கட்டடம், எட்டாம் மாடி. லிப்ட் வேலை செய்யாது. ஆறாம் மாடியில் சாந்தி அக்கா இருந்தார். மலேசியாவில் இருந்து படிக்க வந்து, கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். அவருடைய மின்சாரச் சக்கர நாற்காலியை நாலு பேர் சேர்ந்தும் படியால் இறக்க ஏலாது. லிப்ட் நின்ற நாளில் இருந்து அவர் கீழே இறங்கவில்லை.

"அடுத்த மாசம் முதல் திங்கள் ஆபீசுக்கு வரலன்னா வேற ஆள் எடுத்துக்குவாங்களாம் லா," என்றார். சொல்லிவிட்டு எங்களுக்குத் தேநீர் ஊற்றினார்.

அண்ணை கவுன்சிலுக்குப் போன் எடுத்து எடுத்து அலுத்திருந்தார். "உதிரிப்பாகம் ஜெர்மனியிலை இருந்து வரவேணுமாம். நானே அங்கையிருந்து பஸ்ஸிலை வந்திட்டன். அது இன்னும் வரேல்லை."

பிறகு ஒருநாள் அச்சகத்துக்குப் போய் வந்தார். கையில் ஒரு கட்டு அழைப்பிதழ். நம்மவர் கலியாணக் கார்ட் போலவே, ஓரத்தில் குத்துவிளக்கு, நடுவில் தங்க எழுத்து: 'லிப்ட் திறப்பு விழா. பிரதம விருந்தினர்...' கீழே எங்கள் பகுதிக் கவுன்சிலரின் பெயர், லிப்டை விடப் பெரிதாக.

"அண்ணை, லிப்டை இன்னும் திருத்தேல்லையே?"

"முறைப்பாடு எண்டால் ஒருத்தரும் வராயினம். பிரதம விருந்தினர் எண்டால் காய்ச்சலோடையும் வருவினம். நாள் குறிச்சாச்சு. இனி அது அவரின்ரை பாடு."

தாம்பாளத்தில் வாழைப்பழமும் கார்டும் வைத்து, கவுன்சிலர் மக்களைச் சந்திக்கும் இடத்துக்கு இருவரும் போனோம். எம்பிமார் வீட்டுச் செலவுக்கெல்லாம் பொதுப்பணம் எடுத்த கதை பத்திரிகைகளில் நாறிக்கொண்டிருந்த வருடம் அது. அரசியல்வாதியை யாரும் நல்ல காரியத்துக்குக் கூப்பிடுவதில்லை. கவுன்சிலர் தன் பெயரைத் தங்க எழுத்தில் தடவிப் பார்த்தார். லிப்ட் எப்போதோ சரியாகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். கட்டாயம் வருவேன் என்றார்.

விழாச் செய்தி கவுன்சில் அலுவலகத்துக்கும் போயிருக்க வேண்டும்; அடுத்த வாரமே உதிரிப்பாகம் வந்து சேர்ந்தது. இரண்டு பேர் அவசர அவசரமாகப் பொருத்திவிட்டுப் போனார்கள்.

சனிக்கிழமை விழா. சாந்தி அக்காவின் கெடு திங்கட்கிழமை. கீழே வாசலில் குத்துவிளக்கு, சீடியில் நாதஸ்வரம், தட்டு நிறைய முறுக்கு, உள்ளூர்ப் பத்திரிகையின் படப்பிடிப்பாளர். கவுன்சிலர் நாடா வெட்டினார். அண்ணை பொன்னாடை போர்த்தினார். இருவரும் ஏறினார்கள். ஆறாம் மாடியில் சாந்தி அக்கா பட்டுச்சேலையோடு காத்திருந்தார்.

நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் லிப்ட் நின்றது.

படியெங்கும் சனம். தீயணைப்புப் படை வரும்வரை உள்ளே இருந்து அண்ணையின் குரல் மட்டும் கேட்டது. ஒவ்வொரு மாடியாக, ஒழுகும் குழாய், பூட்ட முடியாத கதவு என்று கவுன்சிலருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஆறாம் மாடியில் இருந்து சாந்தி அக்கா லிப்ட் கதவுக்கு வாய் வைத்து, ஆங்கிலத்தில், மிகவும் பணிவாகச் சொன்னார்:

"வெளியே வர முடியலையா சார்? எனக்கும் அப்படித்தான். மார்ச் மாசத்துல இருந்து."



வெளியே எடுத்தபோது கவுன்சிலர் வேர்வையில் குளித்திருந்தார். தோளில் பொன்னாடை இல்லை. "வேலை முடியேல்லைத் தம்பி," என்றார் அண்ணை. "உள்ளுக்கையே திருப்பி வாங்கிட்டன்."

கவுன்சிலர் கோபிக்கவில்லை. ஆறாம் மாடிக்குப் படியால் ஏறிப்போய் சாந்தி அக்காவோடு கதைத்தார். அங்கிருந்தே யாருக்கோ போன் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருந்து நாலு பேர் வேலை செய்ய, அவர் கீழே ஒரு கதிரை போட்டு இருந்தார். முறுக்கு முடியும்வரை இருந்தார்.

திங்கள் காலை சாந்தி அக்கா லிப்டால் இறங்கி அலுவலகம் போனார். கட்டட வாசலில் இருந்தது தானாகத் திறந்து நிற்கும் கதவு. அண்ணை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அக்கா தெருவைக் கடக்கும்வரை நின்றார்.

நான் கிளம்புவதற்காகப் போர்வையை மடித்தேன். அண்ணை பார்த்தார்.

"சீமெந்து குழைக்கத் தெரியுமோ?"

"தெரியாது."

"நல்லது. தெரிஞ்ச ஆக்களோடை எனக்கு ஒத்துவராது."

மறுநாள் காலை அவரோடு டைல் வேலைக்குப் போனேன். வாளி பாரம், முழங்கால் நோவு, அவருடைய வாய் ஓயாது. முதல் வாரம் தேநீர் நேரத்தில் வேறு வேலை தேடினேன். இரண்டாம் வாரம் தேட மறந்துவிட்டேன்.